திருச்சி – யாழ்ப்பாணம்: 185 கிலோமீட்டரை எந்த வழியில் கடப்பது?

எங்கள் மாமியை ஆடி அமாவாசைக்கு முன்னால் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள சுன்னாகத்தில் கொண்டுபோய் விட வேண்டும். நல்லூர்க் கந்தசாமி கோயில் கொடியேற்றத்துக்கு அவர் தன் வீட்டில் இருந்தாக வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை. மாமி என்றால் என் மனைவியின் அம்மா. தஞ்சாவூர்க்காரனான நான் அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்தில் மாமியார் மாமிதான், எனக்கும் அதுவே பழகிவிட்டது. வயது 74, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கடலைத் தாண்ட வேண்டிய குடும்பம் எங்களுடையது.

அதனால் இங்கிருந்து அங்கே போக இருக்கும் நான்கு வழியிலும் நான் போயிருக்கிறேன். திருச்சியிலிருந்து நேராகப் பலாலிக்கு, அதாவது யாழ்ப்பாண விமான நிலையத்துக்கு, விமானம். சென்னைக்குப் போய் அங்கிருந்து பலாலிக்கு விமானம். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்குக் கப்பல். திருச்சியிலிருந்து கொழும்புக்குப் பறந்து, அப்புறம் தரை வழியாக வடக்கே ஏறுவது. உறவுக்காரர்களும் தெரிந்தவர்களும் எது நல்லது என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் தூரத்தைச் சரியாகப் பார்த்துவிடுவோம். திருச்சி விமான நிலையத்துக்கும் பலாலிக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 185 கி.மீ. விமானக்காரர்கள் கணக்கில் 100 கடல் மைல். திருச்சியிலிருந்து மதுரைக்குச் சாலையில் 135 கி.மீ. என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு பக்கம் என்பது புரியும். வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கந்தர்வகோட்டைக்கு மேலே போய், பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில் நுழைந்து, மல்லிப்பட்டினம் பக்கத்தில் கரையைத் தாண்டும். அங்கிருந்து மிச்சம் நூறு கிலோமீட்டரும் பாக்கு நீரிணைதான். பாதிக்கு மேல் கடல்.

சென்னையிலிருந்து பலாலி சுமார் 355 கி.மீ. ஏறக்குறைய நேர் தெற்கு. இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால், திருச்சி விமானம் சென்னை விமானத்தின் பாதி நேரத்தில் போய்விடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. டிக்கெட் போட்டுக் கொடுத்தவரும் "185 கிலோமீட்டர்தான் சார், அரை மணி நேரம்" என்றே சொன்னார். ஆனால் பயணச் சீட்டில் திருச்சி–யாழ்ப்பாணத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் போட்டிருந்தது. சென்னை–யாழ்ப்பாணத்துக்கு ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி வரும். தூரம் பாதியாகக் குறைகிறது, நேரம் கால் மணி, இருபது நிமிஷம்தான் குறைகிறது. ஏன்?

இந்த வழியில் பறப்பது ஏடிஆர் 72 என்ற, இறக்கையில் இரண்டு காற்றாடி சுழலும் விமானம். எழுபதிலிருந்து எழுபத்தெட்டுப் பேர் உட்காரலாம். சமநிலையில் பறக்கும்போது மணிக்கு 500 கி.மீ. வேகம் போகும். அந்தக் கணக்கில் 185 கிலோமீட்டருக்கு 22 நிமிஷம் போதும். ஆனால் இவ்வளவு குறைந்த தூரத்தில் அது சமநிலையில் பறப்பதே கொஞ்ச நேரம்தான். ஏறுகிற நேரமும் இறங்குகிற நேரமும்தான் பயணத்தின் பெரும் பங்கு, அப்போது வேகம் மணிக்கு முந்நூறு சொச்சம். 25,000 அடி வரைக்கும் ஏறக்கூடிய விமானம் இது. நூறு கடல் மைலுக்கு அந்த உயரத்துக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. இன்னொன்றும் உண்டு. சீட்டில் போட்டிருப்பது வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல. நிறுத்திய இடத்திலிருந்து விமானம் அசையத் தொடங்கியது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் நின்று எஞ்சினை அணைப்பது வரைக்கும் அந்தக் கணக்கில் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்காகக் காத்திருப்பது, காற்றுத் திசையைப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவது, இவையெல்லாம் 185 கிலோமீட்டருக்கும் உண்டு, 355-க்கும் உண்டு. தூரம் குறைந்தால் அவை குறையாது.

போன தடவை கைக்கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொண்டேன். கதவு சாத்தியதிலிருந்து சக்கரம் தரையை விட்டது வரை 12 நிமிஷம். வானத்தில் 38 நிமிஷம். பலாலியில் சக்கரம் தொட்டதிலிருந்து நின்றது வரை 4 நிமிஷம். அது சின்ன இடம், இறங்கிய விமானம் வெகு தூரம் ஊர வேண்டியதில்லை. மொத்தம் 54 நிமிஷம். மாமி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, சாமி கும்பிட்டு, கண்ணை மூடித் திறப்பதற்குள் இறங்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்துவிட்டது. "என்ன தம்பி, ஏறினவுடனேயே இறங்கச் சொல்லுறியள்?" என்றார்.

(கடிகாரம் என்றதும் ஒன்று. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இப்போது ஒரே நேரம். 1996-லிருந்து சில வருஷம் இலங்கையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருந்தார்கள், 2006 ஏப்ரலில் பழையபடி மாற்றினார்கள். அதனால் சீட்டில் உள்ள புறப்பாட்டு நேரத்தையும் வருகை நேரத்தையும் அப்படியே கழித்துப் பார்க்கலாம்.)

அந்த 38 நிமிஷத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏடிஆரின் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கிறது. கீழே பார்க்க எதுவும் மறைக்காது. உயரமும் குறைவு. டெல்டாவின் பச்சைக் கட்டங்கள் மெல்ல மெல்லத் தென்னையாக மாறி, தென்னை முடிகிற இடத்தில் ஒரு வெளிர் மணல் கோடு வரும். அதற்கு அப்புறம் தண்ணீர். ஆழமில்லாத கடல் என்பதால் கரையோரத்தில் நீலம் கிடையாது, கலங்கிய பச்சை. அதில் புள்ளி புள்ளியாகப் படகுகள். இந்தக் கடலில் எத்தனை பேர் எந்தெந்த நிலையில் இந்தப் பக்கம் வந்தார்கள் என்று தெரிந்தவர்கள் யாரும் அந்தப் படகுகளைச் சும்மா பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. என் மனைவி அந்த இடம் வரும்போது பேசுவதை நிறுத்திவிடுவாள். கொஞ்ச நேரத்தில் செம்மண்ணும் பனையும் தெரியும். பலாலி.

சரி, விமானத்தின் நேரம் இதுதான். ஆனால் நாம் விமான நிலையத்தில் குடியிருக்கவில்லையே. வாசலிலிருந்து வாசல் வரை எவ்வளவு என்பதுதான் வீட்டுக்காரர்களுக்கு வேண்டிய கணக்கு. தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் ஒன்றேகால் மணி நேரம். நிலையம் புதுக்கோட்டை ரோட்டில் இருப்பதால் திருச்சி ஊருக்குள் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பன்னாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக. விமானம் ஒரு மணி. பலாலியில் குடிவரவு, சுங்கம், பெட்டி எல்லாம் சேர்த்து முக்கால் மணி. அங்கிருந்து சுன்னாகம் அரை மணி. ஆக, ஆறரை மணி நேரம். இதில் நாம் உண்மையில் பறப்பது 38 நிமிஷம், பத்தில் ஒரு பங்கு.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று தெளிந்தது. திருச்சி வழியில் லாபம் 185 கிலோமீட்டரில் இல்லை, அந்த முதல் ஒன்றேகால் மணி நேரத்தில் இருக்கிறது.

ஏனென்றால் சென்னை வழியில் என்ன ஆகிறது என்று பாருங்கள். பலாலி 2019 அக்டோபர் 17-ல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறக்கப்பட்டது. பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் இருந்ததைப் பார்த்து மாமி அன்றைக்கு அழுதார். நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்க ஆரம்பித்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. இண்டிகோ 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30-ல் திருச்சியிலிருந்தும் தொடங்கியது. அதாவது அதுவரைக்கும் டெல்டாக்காரர்கள் யாழ்ப்பாணத்துக்குப் பறக்க வேண்டுமென்றால் வடக்கே சென்னைக்குப் போய், பிறகு தெற்கே திரும்பிப் பறக்க வேண்டும். திருச்சி–சென்னை நேர்கோட்டில் 290 கி.மீ., சென்னை–பலாலி 355 கி.மீ. 185 கிலோமீட்டருக்குப் பதிலாக 645. தஞ்சாவூரிலிருந்து ராத்திரி வண்டி ஏறி, தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் வந்து, ரோட்டைத் தாண்டி விமான நிலையத்துக்குள் போய், மூன்று மணி நேரம் உட்கார்ந்து... பதின்மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து நாங்கள் சுன்னாகம் போய்ச் சேர்ந்ததில்லை. 2023-ல் அப்படி ஒரு தடவை மாமியைக் கூட்டிப்போனபோது, போய்ச் சேர்ந்த பிறகு மூன்று நாள் அவரால் படி ஏற முடியவில்லை.

சென்னையிலேயே இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது, அங்கிருந்து பறப்பதுதான் சரி. விழுப்புரம், திண்டிவனம் வரைக்கும் அப்படித்தான்.

கொழும்பு வழியைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். திருச்சியிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க நேர்கோட்டில் 415 கி.மீ. சொச்சம், விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதாவது யாழ்ப்பாணம் போகிற அதே நேரத்தில் யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து சாலையில் கிட்டத்தட்ட 400 கி.மீ. வடக்கே வர வேண்டும். பஸ்ஸில் எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வர நினைத்தால் முதலில் கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போக வேண்டும். கொழும்பில் வேலை இருக்கிறது, தூதரகத்தில் ஒரு காரியம், அல்லது கண்டியையும் பார்க்க ஆசை என்றால் இந்த வழி. யாழ்ப்பாணம் மட்டும்தான் என்றால் வேண்டாம். ஆனாலும் ஒரு விஷயம்: போரினால் 1990-ல் நின்றுபோய், 2014 அக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வரைக்கும் வந்த அந்த ரயில் பாதையில் வாழ்க்கையில் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீராகத் தெரியும் அந்தச் சில நிமிஷங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

கப்பலோடுதான் உண்மையான போட்டி.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை 60 கடல் மைல், அதாவது 110 கி.மீ. திருச்சி விமானம் பறக்கும் தூரத்தை விடக் குறைவு. ஆனால் கப்பலுக்கு நான்கு மணி நேரம் ஆகும். துறைமுகத்தில் இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். அந்தப் பக்கம் இறங்கிச் சோதனை முடிய ஒரு மணி நேரம். காங்கேசன்துறையிலிருந்து சுன்னாகத்துக்கு நேர் ரோடு, இருபது நிமிஷம். நாகையிலிருந்து கணக்குப் போட்டால் ஏழு மணி இருபது நிமிஷம். திருச்சி விமான நிலையத்து வாசலிலிருந்து கணக்குப் போட்டால் ஐந்தேகால் மணி நேரம். வித்தியாசம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.

இந்த இரண்டு மணி நேரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். உங்கள் வீட்டிலிருந்து நாகைக்குப் போவதை விடத் திருச்சிக்குப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக ஆகும் என்றால் கப்பல்தான் சீக்கிரம் போய்ச் சேரும். இல்லையென்றால் விமானம். நாகை, வேளாங்கண்ணி, காரைக்காலில் இருப்பவர்கள் திருச்சிக்குப் போகவே மூன்று மணி நேரம் ஆகும், அவர்களுக்குக் கப்பல். தஞ்சாவூர், புதுக்கோட்டை, கும்பகோணம், மதுரைக்காரர்களுக்குத் திருச்சி. திருவாரூர்தான் நடுக்கோடு. நாகைக்கு முக்கால் மணி, திருச்சிக்கு இரண்டரை மணி. எப்படிப் போனாலும் சுன்னாகத்தில் இறங்குவது ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான். திருவாரூரில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன வருஷம் கப்பலில் போனான், திரும்பும்போது விமானத்தில் வந்தான். கேட்டால் இரண்டுமே சரிதான் அண்ணா என்கிறான்.

நேரத்தைத் தாண்டியும் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. கப்பலில் சீட்டு விலை பொதுவாகக் குறைவு, எழுந்து நடக்கலாம், காலை நீட்டலாம், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். நான்கு மணி நேரக் கடல் எல்லா வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது. வாந்தி வரும் என்று தெரிந்தவர்கள் முதல் நாளே டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் பெரிய சிக்கல் வேறு, அது பருவமழை. இந்தச் சேவை 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. மறுபடி 2024 ஆகஸ்ட் 16-ல்தான் வந்தது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பாக்கு நீரிணை கப்பலுக்கான கடல் அல்ல. கார்த்திகையில் கல்யாணம், தையில் கிரகப்பிரவேசம் என்று தேதி குறித்துவிட்டுக் கப்பலை நம்பி உட்காரக் கூடாது. மாசியிலிருந்து ஆவணி வரை தைரியமாகப் போடலாம். போடுவதற்கு முன்னால் அது எந்தெந்தக் கிழமை ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

விமானத்துக்கும் குறை இல்லாமல் இல்லை. சின்ன விமானம், தாழ்வாகப் பறக்கிறது, மேகத்துக்கு மேலே ஏறிப் போய்விடுவதில்லை. மழைக்காலத்தில் குலுக்கும். பலாலி ஓடுபாதைக்கு இப்போது வருவது இந்த மாதிரி விமானம்தான். பெரிய விமானம் இறங்க ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று பேசுகிறார்கள். சுற்றியுள்ள நிலம் வலிகாமம் வடக்கு மக்களுடையது. 1990-ல் வெளியேற்றப்பட்டவர்களில் இன்னும் தங்கள் காணிக்குள் கால் வைக்காதவர்கள் இருக்கிறார்கள். மாமியின் சித்தி வீடும் அந்தப் பக்கம்தான் இருந்தது. எனக்கு இன்னும் நாற்பது பேர் கூடுதலாக உட்காரும் விமானம் வேண்டாம், அவர்களுக்கு முதலில் நிலம் திரும்பட்டும்.

முட்டிவலி உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. ஏடிஆரில் ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. கதவோடு சேர்ந்து விரியும் ஏழெட்டுப் படிகள், குறுகலானவை, கைப்பிடி உண்டு. பெரிய விமானத்துக்கு வைக்கும் உயரமான ஏணி போல இல்லை. மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறிவிட்டார். இருக்கை பின்வரிசையில் கேட்டு வாங்குங்கள். கதவு பின்னால் இருப்பதால் முன்வரிசையில் உட்கார்ந்தால் உள்ளே முழு நீளமும் நடக்க வேண்டும். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் சீட்டுப் போடும்போதே சொல்லிவிடுங்கள். கப்பலில் ஏறும் பலகை கடல் ஏறி இறங்குவதற்கு ஏற்ப ஆடும், அதில்தான் அவர் பயந்தார். "இந்த ஆட்டத்துக்கு எனக்கு ஏலாது தம்பி" என்று பாதியில் நின்றுவிட்டார். இரண்டு பேர் பிடித்துத்தான் ஏற்றினோம்.

அப்புறம், திருச்சியிலிருந்து நாளுக்கு ஒரு விமானத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அது போய்விட்டால் அடுத்த நாள்தான். கட்டாயம் போய்ச் சேர வேண்டிய காரியம் என்றால் ஒரு நாள் முன்னதாகப் போடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியை வாங்கி, அதை அச்சடித்துக் கையில் வைத்திருப்பது நல்லது. போனில் இருக்கிறது என்று கடைசி நேரத்தில் தேட வேண்டாம்.

1947 டிசம்பர் 10-ல் ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பை ஒட்டிய இரத்மலானையில் கிளம்பி, பலாலியில் இறங்கி, அங்கிருந்துதான் சென்னைக்குப் பறந்தது. கொழும்புக்கும் சென்னைக்கும் நடுவில் இளைப்பாறும் இடமாக யாழ்ப்பாணம் இருந்திருக்கிறது. மாமியின் அப்பா அந்த விமானச் சத்தத்தை வைத்து மணி சொல்வாராம்.

இந்த ஆடிக்கு நாங்கள் எடுத்த முடிவு இது. மாமியும் என் மனைவியும் திருச்சியிலிருந்து விமானத்தில் போகிறார்கள். நான் நாகையிலிருந்து கப்பலில். சுன்னாகத்து வீட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் இரண்டு நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் ஒரு பித்தளை அண்டாவும் ஏடிஆரில் ஏற்றக்கூடிய சாமான்கள் அல்ல. கப்பல் ஓடும் நாளாகப் பார்த்து இரண்டு சீட்டையும் ஒரே தேதிக்குப் போட்டிருக்கிறேன். காலையில் எனக்குக் கப்பல், மத்தியானம் அவர்களுக்கு விமானம். காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் ஆறு கிலோமீட்டர்தான். மச்சான் முதலில் துறைமுகத்துக்கு வண்டி கொண்டுவந்து விளக்கையும் என்னையும் ஏற்றிக்கொள்வதாகவும், அங்கிருந்து போய் விமான நிலையத்தில் நிற்பதாகவும் ஏற்பாடு. மாமி வெளியே வரும்போது நான் அங்கே இருக்க வேண்டும்.